கிட் வாங்கினால் அன்றைக்கே அரத்தை வைத்துப் பாருங்கள்

வெள்ளவத்தை வீட்டின் பின்விறாந்தையில் சின்ன லேத், அதாவது உலோகம் கடையும் இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறேன். அதிலேயே மில்லிங் வேலையும் (சுழலும் வெட்டியால் தட்டையாகச் செதுக்குவது) செய்ய, வேலைத்துண்டைப் பிடித்து மேலும் கீழும் நகர்த்தும் வெர்டிகல் ஸ்லைட் ஒன்று தேவைப்பட்டது. கடையாத இரும்பு வார்ப்புகள், திருகாணிகள், வரைபடம் எல்லாம் சேர்த்து, நாமே கடைந்து பொருத்தும் கிட்டாகக் கொழும்பில் ஒருவர் விற்றார். விலை 48,000 ரூபா. பச்சைப் பெயின்ற் அடித்துப் பார்க்க வடிவாக இருந்தது. வேலை நெருக்கடியில் பெட்டியைத் திறக்காமல் நான்கு மாதம் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு எடுத்துக் கடையத் தொடங்கினால், முதல் வெட்டிலேயே ஹைஸ்பீட் ஸ்டீல் வெட்டு டூலின் முனை நீலம் பாரித்து மழுங்கிப்போனது. தீட்டிப் போட்டேன், மறுபடியும் அதேதான். அப்புறம் ஓரத்தில் அரத்தை வைத்தேன். கண்ணாடியில் வைத்தது போல வழுக்கிக்கொண்டு போனது. நல்ல சாம்பல் வார்ப்பிரும்பு என்றால் கறுப்புத் தூள் கொட்டும், பென்சில் கரி மாதிரி விரலில் ஒட்டும். இதில் ஒரு பொட்டுத் தூள் விழவில்லை. மெல்லிய ஓரம் அச்சுக்குள் சட்டென்று ஆறினால் கார்பன் கிராஃபைட்டாகப் பிரியாது. இரும்போடு சேர்ந்து, அரம் ஏறாத வெள்ளை இரும்பாக இறுகிவிடும்.

புறாவால் தடம் (ஸ்லைட் வழுக்கி நகரும், புறாவின் வால்போல விரிந்த பள்ளம்) வெட்டவேண்டிய முகத்தில் பெயின்றைச் சுரண்டினேன். பட்டாணி அளவில் ஒரு குழி, அதற்குள் மஞ்சளாக ஏதோ இருந்தது. நகம் பட்டதும் உதிர்ந்தது. வாகனங்களில் நெளிவு மறைக்கப் பூசுகிற அதே பட்டி! வார்ப்பில் குழி விழுவது யாருக்கும் நடக்கும். அதைப் பட்டியால் அடைத்துப் பெயின்ற் அடித்து விற்பதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

திருகாணியும் பிழை. வரைபடத்தில் எம்6, அதாவது 6 மி.மீ. மெட்ரிக் திருகாணி, புரியிடை 1 மி.மீ. பெட்டிக்குள் இருந்தவை பழைய பிரித்தானிய அளவான கால் அங்குல விட்வர்த், அங்குலத்துக்கு 20 புரி. ஒன்றுக்கொன்று பொருந்தாது.

பஞ்சிகாவத்தையில் வயதான லேத் பாஸ் (கைதேர்ந்த வேலையாள்) ஒருவரிடம் வார்ப்பைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இறுக்கத்தைச் சூளையில 900 பாகை வரைக்கும் சூடாக்கி, மெதுவா ஆறவிட்டு இளக்கலாம். இந்தக் குழிக்கு ஒண்டும் செய்யேலாது" என்றார்.

விற்றவரோ, "கிட் என்றால் நீங்கள்தான் சரிப்படுத்த வேண்டும்" என்று போனை வைத்துவிட்டார். கடைந்து பொருத்துவது வாங்கியவர் வேலை, சரி. பழுதான வார்ப்பை மாற்றித் தருவது யார் வேலை?

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம் என்று பார்த்தேன். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு ஒரு மாதம் பிந்திவிட்டது.

வாங்குவதாக இருந்தால் பெயின்ற் அடிக்காத வார்ப்பாகக் கேளுங்கள். திகதியுள்ள ரசீது வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கி மூலையில் வைத்திருப்பவர்கள் இன்றிரவே பெட்டியைத் திறந்து, மெல்லிய ஓரத்தில் நாலு இழுப்பு அரம் போட்டுப் பாருங்கள்.