என்விடிஏவும் பாமினி பிடிஎஃப்பும்

கணினித் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளாக, ஜாஸைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, இலவச என்விடிஏவே போதுமா? கல்லூரியில் சேரும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. பல வருடப் பயன்பாட்டை வைத்துச் சொன்னால், என்விடிஏ போதும். நிறுவுவதும் அடிப்படை விசைகளும் தெரிந்தவைதான். பாடக்குறிப்பு படிப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என்விடிஏவோடு வரும் பேச்சுக் கருவியான ஈஸ்பீக்கின் தமிழ்க் குரல் முதல் வாரம் காதைக் குடையும். ஆனால் விசையைத் தொட்டதும் பேசும், வேகத்தை நன்றாகக் கூட்டினாலும் தெளிவு போகாது, இடையில் வரும் ஆங்கிலச் சொல்லையும் படித்துவிடும். நீண்ட கட்டுரைக்கு விண்டோஸின் வள்ளுவர் குரல் இதம், தட்டச்சுக்கு மந்தம். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். இன்சர்ட், கண்ட்ரோல், பி மூன்றையும் சேர்த்து அழுத்திப் புதிய ப்ரொஃபைல் (தனி அமைப்புத் தொகுப்பு) உருவாக்கி, எதற்கு என்ற இடத்தில் 'சே ஆல்' (தொடர்ந்து படித்தல்) என்பதைத் தேர்ந்து, அதில் வள்ளுவரை வையுங்கள். தொடர்ந்து படிக்கும்போது வள்ளுவர், மற்ற நேரமெல்லாம் ஈஸ்பீக். அமைத்து முடித்ததும் ப்ரொஃபைலைக் கையால் அணைக்க வேண்டும். மறந்தால் தட்டச்சிலும் வள்ளுவரே வருவார். இந்த ஒரு வசதிக்காகவே என்விடிஏவைக் கொண்டாடலாம்.

அப்புறம் துறையிலிருந்து தமிழ்க் குறிப்பு வரும், பாமினி என்ற பழைய எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய எழுத்துரு அது. கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரியும் சொல்லுக்குள் இருப்பவை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. என்விடிஏ அதைத்தான் படிக்கும். பிழை அதனுடையது அல்ல, எழுத்துருவினுடையது. வேர்டு கோப்பென்றால் இன்சர்ட், எஃப் அழுத்தினால் எழுத்துருவின் பெயரைச் சொல்லிவிடும். பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். ஆங்கில எழுத்துகளாக வந்தால், எழுத்துரு மாற்றும் மென்பொருளான மாற்றியில் இட்டு, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு) மாற்ற வேண்டும்.

அங்கேதான் அடுத்த தலைவலி. நகலெடுத்த உரையில் எழுத்துரு விவரம் போய்விடுவதால் மாற்றி ஆங்கிலச் சொற்களையும் தமிழென்றே நினைக்கும். 'ஆஃப்' என்ற ஆங்கிலச் சொல் 'ழக' ஆகிவிடும். நூற்பட்டியலும் கலைச்சொற்களும் நாசம். அதனால் ஆசிரியரிடம் பிடிஎஃப் வேண்டாம், மூல வேர்டு கோப்பைத் தாருங்கள் என்று கேளுங்கள். அதில் எழுத்துரு பார்த்துத் தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றலாம்.

ஸ்கேன் செய்த பக்கமென்றால், படத்திலிருக்கும் எழுத்தை அறிந்து படிக்கும் (ஓசிஆர்) விசையான இன்சர்ட், ஆர் உதவாது. அது நம்பியிருக்கும் விண்டோஸ் ஓசிஆருக்குத் தமிழ் தெரியாது. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் வரும். பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்து ஏற்றுங்கள். அட்டவணைகள் குலையும், அதற்கு வழியில்லை.

2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றாயிற்று. இன்னமும் வினாத்தொகுப்பு பாமினியில் வருகிறது. பார்வையுள்ள மாணவர் கோப்பைத் திறந்த உடனே படிக்கத் தொடங்குகிறார். பார்வை மாற்றுத்திறனாளி மாணவரோ மாற்றி, திருத்தி, ஆங்கிலத்தை மீட்டு, அதன்பின்தான் முதல் வரியைக் கேட்கிறார்.

ஆங்கிலவழியில் படிப்பவருக்கு என்விடிஏ ஐந்துக்கு ஐந்து. தமிழ் இலக்கியம் எடுத்தவருக்கு இரண்டுக்கு மேல் போட மனம் வரவில்லை. என்விடிஏ மேல் தப்பில்லை என்று தெரிந்தும்தான் சொல்கிறேன்.