அரச ஆஸ்பத்திரியா, தனியாரா?

அம்மாவின் சீனி வருத்தத்தை எங்கே காட்டுவது என்று இலங்கையின் வன்னியில் பல வீடுகளில் இழுபறி.

செலவு: அரச ஆஸ்பத்திரியில் கட்டணமில்லை, மருந்து முடிந்தால் மட்டும் துண்டு தருவார்கள், பாமசியில் வாங்கவேண்டும். தனியாரில் சனல் காசு (வைத்தியரைப் பதிந்து பார்க்கிற கட்டணம்), இரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் தனித்தனி. கூலிக்குப் போகிறவர் எப்படித் தாங்குவார்?

நேரம்: அரச ஆஸ்பத்திரி கிளினிக் நாளில் விடிய முதல் பஸ் பிடித்து, கொப்பியை அடுக்கில் வைத்துவிட்டு மத்தியானம்வரை வாங்கிலில் இருக்கவேண்டும். அம்மாவின் கால் வீங்கிவிடும். சனலில் பின்னேரம் நம்பருக்குப் போகலாம். அங்கேயும் அனேகமாக அரச வைத்தியர்தான் பார்ப்பார்.

அவசரம்: பாம்புக்கடி, விபத்து என்றால் யோசிக்கவே வேண்டாம், அரச ஆஸ்பத்திரிதான். 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸும் இலவசம்.

சீனி, பிரஷர்க்காரர் கிளினிக்கை விடாதீர்கள். ஸ்கான் திகதி தள்ளிப்போனால் அதை மட்டும் வெளியே எடுங்கள். காணியை ஈடுவைத்துத் தனியாரில் படுக்கவேண்டாம்.