பல்லுக்குக் கிளிப்: எதற்கு எவ்வளவு, எங்கே எவ்வளவு

என் மகளுக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். கீழ்வரிசையில் முன்பற்கள் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. எட்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் கிளிப் போட்டுவிடலாம் என்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி நான்கு இடங்களில் விசாரித்தோம். ஓரிடத்தில் 22,000 என்றார்கள், இன்னோரிடத்தில் 32,000, மூன்றாவது இடத்தில் 42,000. நான்காவது இடத்தில் கம்பிக்குப் பதில் பிளாஸ்டிக் உறை மாட்டும் அலைனர்தான் பேசினார்கள், ஒன்றரை லட்சம் வரை ஆகும் என்றார்கள். வாய் ஒன்றுதான், விலை மட்டும் நான்கு விதம். இது ஏன் என்று புரிவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

இப்போது அவளுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. இதற்கிடையில் என் நாத்தனார் மகள் பல் மருத்துவக் கல்லூரியிலும், பெங்களூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் அலைனரிலும் பல்லைச் சரிசெய்துகொண்டார்கள். மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்ததால் எழுதுகிறேன். இதில் வரும் தொகையெல்லாம் எங்களிடம் சொன்னதும் நாங்கள் கொடுத்ததும். பல்லின் நிலைமையைப் பொறுத்து உங்களுக்குக் கூடலாம், குறையலாம்.

முதலில் 32,000, 42,000 கதை. இரண்டுமே சாதாரண மெட்டல் கிளிப். இரண்டு இடத்திலும் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்த டாக்டர். அப்புறம் என்ன, குறைந்ததற்கே போகலாம் என்றார் என் கணவர். அன்று இரவு காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். 32,000 என்பது கிளிப்புக்கும் மாதாமாதம் கம்பி மாற்றுவதற்கும் மட்டும்தான். "பாப்பாவுக்கு இடம் பத்தலைங்கம்மா, நாலு பல் எடுத்தாத்தான் மத்தது வரிசைக்கு வரும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பல் ஒன்றுக்கு 1,000 தனி. பல் சுத்தம் செய்ய 1,000, எக்ஸ்ரே 1,200. கிளிப்பைக் கழற்றிய பிறகு பல் நகராமல் பிடித்துவைக்கப் போடும் ரிடெய்னர் மேலுக்கும் கீழுக்கும் சேர்த்து 6,000. கம்பியைத் தாங்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் சின்ன வில்லைதான் பிராக்கெட், அது நடுவில் கழன்றால் ஒவ்வொன்றுக்கும் 500. கோட்டுக்கு அந்தப் பக்கம் 42,000. அதில் எக்ஸ்ரே தவிர எல்லாம் அடக்கம், மூன்று பிராக்கெட் கழன்றாலும் சும்மா ஒட்டித் தருவார்கள். மூன்று கழலும் என்று வைத்துக் கூட்டினேன். முதல் இடம் 45,700, இரண்டாவது இடம் 43,200. மலிவு என்று நினைத்ததுதான் 2,500 ரூபாய் அதிகம். 42,000 சொன்ன இடத்திலேயே போட்டோம்.

மூன்று கழலுமா என்று கேட்கலாம். எங்களுக்கு நான்கு கழன்றது. முதல் பிராக்கெட் தட்டுவடை செட்டில் போனது. சேலத்துக்கு வந்துவிட்டுத் தட்டுவடை செட் சாப்பிடாமல் எந்தப் பிள்ளை திரும்பும்? பீட்ரூட்டும் சட்னியும் ஊறி மெத்தென்று இருக்கிறதே என்று கடித்தாள், அடியில் இருந்த வடை ஊறவில்லை. கடைவாய் ஓரத்தில் பிராக்கெட் பல்லை விட்டுக் கழன்று, கம்பியில் மணிபோலக் கோத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் நகர்ந்தது. கரும்பு, முறுக்கு, கடலை மிட்டாய், கொய்யாக்காய் எல்லாம் இந்த இரண்டு வருடத்துக்கு ஆகாது. பிராக்கெட் கழன்ற பல், அதைத் திரும்ப ஒட்டும்வரை நகராமல் நிற்கும், சிகிச்சையும் அந்த அளவுக்கு இழுக்கும். 500 ரூபாயைவிட அதுதான் நஷ்டம்.

22,000 சொன்ன இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே பல் சீரமைப்பு டாக்டர் தினமும் இருக்க மாட்டார். மாதத்தில் ஒரு நாள் வெளியிலிருந்து வருவார், அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த மாதம்தான். நிறைய கிளினிக்குகளில் இப்படித்தான் நடக்கிறது, இதில் தப்பில்லை. ஆனால் பரீட்சை, காய்ச்சல், மழை என்று வருடத்தில் மூன்று நாள் தவறினாலே சிகிச்சை மூன்று மாதம் தள்ளிப்போகும். கம்பி குத்துகிறது என்று நடுவில் ஓடினால் பார்க்கவும் அவர் இருக்க மாட்டார். சேலத்திலேயே இருப்பவர்கள் யோசிக்கலாம், எங்களுக்குச் சரிவராது என்று விட்டுவிட்டோம்.

கிளிப்பின் வகைக்கு வருவோம். மெட்டலுக்கு அடுத்தது செராமிக், எங்களிடம் 15,000 கூடுதலாகக் கேட்டார்கள். பிராக்கெட் பல்லின் நிறத்தில் இருக்கும், ஆனால் மேலே ஓடும் கம்பி பெரும்பாலும் உலோகம்தான், அது தெரியத்தான் செய்யும். கம்பியைப் பிடித்துவைக்கப் பிராக்கெட்டில் மாட்டும் நிறமில்லாத ரப்பர் வளையம் நம் வீட்டுச் சாம்பாருக்கும் மஞ்சளுக்கும் இரண்டே நாளில் மஞ்சளாகிவிடும். செராமிக் சுலபமாக விள்ளும், கழற்றுவதும் மெட்டலைவிடச் சிரமம். பள்ளிப் பிள்ளைக்கு இந்த 15,000 தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். என் மகளும் முதலில் செராமிக்தான் கேட்டாள். மெட்டலில் மாதம் ஒரு நிறத்தில் ரப்பர் மாட்டலாம் என்றதும் ஊதா, பச்சை, பொங்கலுக்குச் சிவப்பு என்று அவளே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள். ரப்பர் வளையமே இல்லாத செல்ஃப் லைகேட்டிங் என்ற வகையும் உண்டு. சீக்கிரம் முடியும் என்று சொல்லி அதிகம் கேட்பார்கள். ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சிகிச்சைக் காலம் சொல்லும்படியாகக் குறைவதில்லை என்கிறார்கள். பல்லின் உட்புறம் ஒட்டும் லிங்குவல் வகை இருப்பதிலேயே விலை அதிகம், நாக்கும் புண்ணாகும்.

இனி கல்லூரி. அரியானூர் பக்கம் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரியில் நாத்தனார் மகளுக்குப் போட்டார்கள். எங்களுக்கு ஆனதில் பாதிகூட அவர்களுக்கு ஆகவில்லை. பி.டி.எஸ். முடித்துவிட்டு மூன்று வருட எம்.டி.எஸ். படிக்கும் டாக்டர்கள்தான் பார்ப்பார்கள், பேராசிரியர் மேற்பார்வை இடுவார். மாணவர் கையா என்று என் நாத்தனார் பயந்தார். ஆனால் அவர்கள் பல்லுக்கு அச்சு எடுத்து, எல்லாப் பக்கமும் போட்டோ பிடித்து, பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கோடு கோடாக அளந்து பார்த்த அளவுக்கு எங்கள் கிளினிக்கில்கூடப் பார்க்கவில்லை. விலை வேறு விதத்தில் வருகிறது. ஒவ்வொரு முறையும் அரை நாள் காத்திருக்க வேண்டும், கல்லூரி நேரத்தில்தான் போக முடியும், அதனால் பள்ளிக்கு லீவு. பார்க்கும் மாணவர் படிப்பை முடித்துவிட்டால் இன்னொருவர் கைக்கு மாறும். நாத்தனார் வீடு சேலத்திலேயே, அவரும் வீட்டில் இருப்பவர். அவர்களுக்கு அதுதான் சரி.

அலைனரில் கம்பி கிடையாது. பல்லை ஸ்கேன் செய்து வரிசையாக மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் செய்து தருவார்கள், ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த உறை. அண்ணன் மகனுக்கு 1,40,000 ஆனது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்த்தால் போதும் என்பது பெரிய வசதி. ஆனால் ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும், தண்ணீர் தவிர எதற்கும் கழற்ற வேண்டும். 26 வயதுப் பையன் அலாரம் வைத்துச் செய்தான். பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் இதை எதிர்பார்க்க எனக்குத் துணிவில்லை. டாக்டரை நேரில் பார்க்காமல் தபாலில் வாங்குவது வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற நிறுவனம் 2023 டிசம்பரில் மூடியபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

எங்களைப் போல மலையில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்து தனிக்கணக்கு. இரண்டு பேருக்கு பஸ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 500 ஆனது. 24 தடவை போனோம், 12,000. காலண்டர் தாளில் இதை நான் எழுதாமல் விட்டிருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது அவளுக்குக் குமட்டும், ஏறும்போது இறுக்கிய பல் வலிக்கும். ஒரு டிசம்பர் இரவில் கம்பி முனை கன்னத்தில் குத்தி ரத்தம் வந்தது, வெளியே வழி தெரியாத பனி. டாக்டர் கொடுத்திருந்த மெழுகைக் கடுகளவு உருட்டிக் கம்பி நுனியில் ஒட்டிவிட்டு விடியும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வழக்கமான மருத்துவக் காப்பீட்டில் கிளிப்புக்குப் பணம் கிடைக்காது. தவணை பல இடங்களில் உண்டு. நாங்கள் 12,000 முன்பணம் கொடுத்துவிட்டு மாதம் 2,000 வீதம் 15 மாதத்தில் கட்டி முடித்தோம். முன்பணம் கொடுக்கும் அன்றே கேட்க வேண்டியதில் முக்கியமானது ரிடெய்னர். கிளிப்பைக் கழற்றியதும் பல்லைச் சுற்றியுள்ள எலும்பும் ஈறும் நிலைப்பட நாளாகும், அதற்குள் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். மகளுக்குக் கீழ்வரிசையின் உட்புறம் மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறார்கள், மேலுக்குக் கழற்றி மாட்டுவது. அதை இரவுதோறும் போடுகிறாள். போன மாதம் டிபன் பாக்ஸோடு சேர்த்துச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டேன், பிளாஸ்டிக் வளைந்துவிட்டது. புதிதாகச் செய்ய 3,000.