கிருஷ்ணகிரிக் கோட்டையா, ராயக்கோட்டையா?

பாராமகால் (கிருஷ்ணகிரி–தருமபுரி வட்டாரத்தின் பழைய பெயர்) கோட்டைகளைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால், பேச்சு இந்த இரண்டில் வந்து நிற்கும். இரண்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. நடுவே சுமார் 30 கிலோமீட்டர்.

கிருஷ்ணகிரிக் கோட்டைக்குப் பழையபேட்டைப் பக்கமிருந்து ஏற வேண்டும். பெரும்பாலும் மொட்டைப் பாறை, நிழலை எதிர்பார்க்காதீர்கள். வெயில் காலத்தில் பத்து மணிக்குமேல் பாறை தோசைக்கல் போலக் காயும். ஆறு மணிக்கே அடிவாரத்தில் இருங்கள், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரோடு. சுனைத் தண்ணீரைக் குடிக்க நம்ப வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் சிக்கல்: தேய்ந்த படியின் நடுவில் கால் வழுக்கும். ஓரமாக, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து இறங்குங்கள். தோல் செருப்பு ஆகாது. மழை பெய்து பாறை காயாத நாளில் ஏறவே கூடாது.

இந்தச் செங்குத்துதான் கோட்டையைக் காத்தது. திப்பு சுல்தானோடு நடந்த போரில், 1791 நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை அடிவார ஊரான பேட்டையைப் பிடித்துவிட்டு இரவோடு இரவாக மேலே ஏறப் பார்த்தது. மேலிருந்து உருட்டிவிட்ட பாறைகள் ஏணிகளோடு ஆட்களையும் நசுக்கின. கோட்டை விழவில்லை, மறு ஆண்டு திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில்தான் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பாதி ஏற்றத்தில் நின்று கீழே பார்த்தால் காரணம் புரியும். உச்சியில் சையத் பாஷா தர்காவும் இருக்கிறது. மலைக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ராயக்கோட்டை கொஞ்சம் இரக்கம் காட்டும். வழியில் அங்கங்கே புதரும் மரமும் உண்டு, பாறைகளுக்கிடையே உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். அதே போரில் 1791 ஜூலையில் ஆங்கிலேயப் படையின் மேஜர் கவுடி கீழ்க்கோட்டையைத் தாக்கிப் பிடிக்க, மேல்கோட்டை சில நாளில் பணிந்தது. கிருஷ்ணகிரியில் ஏறிய கால்களுக்கு இந்த வித்தியாசம் தானாகவே தெரியும். ரயிலில் வருகிறவர்களுக்கும் இதுவே வசதி. ஓசூர்–தருமபுரி பாதையில் நிலையம் உண்டு, கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது.

வயதானவர்களும் சிறுவர்களும் கூட வந்தால் யோசிக்காமல் ராயக்கோட்டை. முழங்கால் தெம்பாக இருந்தால் எங்கள் ஓட்டு கிருஷ்ணகிரிக்கு.

இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால், காலையில் கிருஷ்ணகிரி, நடு வெயிலில் அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை), மூன்று மணிக்கு ராயக்கோட்டை. ஐந்து மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கிவிடுங்கள். இருட்டினால் பாதையும் புதரும் ஒன்றாகத் தெரியும்.