14,500 ரூபாய் கேபிள், 36,000 ரூபாய் பெட்டி: ஸ்டீரியோ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் வைத்து நிம்மதியாகப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள், கடைக்குக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் பணம் 68,500 ரூபாய் வீணாகிவிட்டது. அதைக்கூட மறந்துவிடலாம். எழுபத்தொன்பது வயதான என் அப்பா நான்கு மாதங்கள் தன் காதுதான் கெட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மார்கழி பிறந்தால் காலையில் ஒரு சபா, மாலையில் ஒரு சபா என்று ஏறி இறங்கியவர் அவர். இரண்டு ஆண்டுகளாக முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கச்சேரியை வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஹால் 11 அடி அகலம், 16 அடி நீளம். இடப்பக்கம் பால்கனியின் கண்ணாடிக் கதவு, வலப்பக்கம் வெறும் சுவர், தரை முழுக்க டைல்ஸ். இந்த விவரங்களைக் கடைக்காரர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

கடையில் தனியாக ஒரு அறை. ஸ்பீக்கர்கள் பின்சுவரிலிருந்து மூன்று அடி முன்னே தள்ளி நின்றன. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அப்பாவை அதில் உட்கார வைத்து ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டார்கள். சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து பழகியவர்களுக்குத் தெரியும்: பாடகர் நடுவில், நமக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வழக்கமாக வலது கையால் வாசிக்கும் பக்கம், சபையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. மிருதங்க வித்வான் இடதுகைக்காரராக இருந்தால் மட்டும் பக்கம் மாறும். அந்த அறையில் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத வயலின்காரர் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பினார். நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் சேர்ந்து 1,12,000 ரூபாய். அதற்கு ஜிஎஸ்டி எண்ணோடு முறையான பில் தந்தார்கள். அந்தப் பொருள்கள் நல்லவை, அவற்றின் மேல் எனக்குக் குறை இல்லை. கூடவே, “இந்த ஸ்பீக்கருக்குச் சாதாரண வயர் போட்டால் ஒலிமேடையே விரியாது மேடம்” என்று சொல்லி, தாங்களே கடையில் தயாரித்த கேபிள் ஒரு ஜோடியை 14,500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் நம் முன்னே அவரவர் இடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றுவதற்கு சவுண்ட்ஸ்டேஜ் என்று பெயர்; அதைத்தான் ஒலிமேடை என்று கடைக்காரர் அழகாகச் சொன்னார். அதற்குப் பில் இல்லை. ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட மஞ்சள் சீட்டு ஒன்றில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டில் பொருத்திய அன்று மாலையே அப்பாவுக்கு ஏதோ உறுத்தியது. “பாட்டு கேட்கிறது, பாடுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லையே அம்மா” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. குரல் அறை முழுவதும் புகைபோலப் பரவியிருந்தது. இந்தப் பக்கம் திரும்பினால் இங்கே இருப்பதுபோல் இருக்கும், அந்தப் பக்கம் திரும்பினால் அங்கே போய்விடும். மிருதங்கத்தில் தொப்பியின், அதாவது இடது கைப் பக்கத்தின், கும்மென்ற கும்கி நாதம் காணாமலே போயிருந்தது. வலந்தலையின் டக் டக் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். புதிய ஸ்பீக்கர் பழக 200 மணி நேரம் ஓட வேண்டும், அதற்கு பர்ன்-இன் என்று பெயர் என்றார்கள். மூன்று வாரம் பகல் முழுக்க ஓடவிட்டோம். எந்த மாற்றமும் இல்லை. மறுபடி கூப்பிட்டபோது பொருத்துநர் வந்து, வீட்டு மின்சாரம் அழுக்காக இருக்கிறது என்றார். அதைச் சுத்தப்படுத்த ஒரு கருவி 18,000 ரூபாய். இன்னொரு மஞ்சள் சீட்டு. அதுவும் பயன்படவில்லை என்றபோது கடை உரிமையாளரே நேரில் வந்தார். கையில் செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. இரண்டு ஸ்பீக்கரிலேயே ஒலி நம்மைச் சுற்றிச் சூழ்ந்துகொள்ளும், அறையின் குறையெல்லாம் மறைந்துவிடும் என்றார். ஒரு கையால் பெட்டியின் பொத்தானைத் தட்டினார். இன்னொரு கையில் ஆம்ப்ளிஃபயரின் ரிமோட் இருந்தது. பொத்தானைத் தட்டிய நொடியில் பாட்டு நிமிர்ந்ததுபோல் இருந்தது. 36,000 ரூபாய். மூன்றாவது மஞ்சள் சீட்டு.

அவர் போன பிறகு இரண்டு நாள் கேட்டோம். ஒலி சூழ்ந்துகொண்டது உண்மைதான். ஆனால் பாடகரின் குரல் முன்னைவிட மெலிந்துவிட்டது. காதுக்குள் யாரோ அழுத்துவதுபோல் இருக்கிறது என்று அப்பா அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். கடைசியாக அந்த உரிமையாளரிடம் பேசியபோது அவர் சொன்ன வாக்கியம் இது: “பெரியவருக்கு வயதாகிவிட்டது மேடம், காதை ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.” அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவரை அழைத்துக்கொண்டுபோய்ப் பரிசோதனை செய்தோம். வயதுக்கு உரிய குறைவுதான், வேறு ஒன்றும் இல்லை என்றார் மருத்துவர். அப்பா அதை நம்பவில்லை. பாட்டுப் போடச் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

எங்கள் மூன்றாவது மாடியில், வானொலியில் ஒலிப்பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மாமா இருக்கிறார். தீபாவளிக்குப் பட்சணம் கொடுக்க வந்தவர், மூடிக் கிடந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று விசாரித்தார். முதலில் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போடச் சொன்னார். அந்தக் காலத்துப் பாட்டுகள் மோனோ. இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலிதான் போகும், எனவே குரல் சரியாக நட்டநடுவில் நிற்க வேண்டும், வேறு எங்கேயும் நிற்க அதற்கு வழியே இல்லை என்று விளக்கினார். நிற்கவில்லை. ஐந்து நிமிடம் பேசாமல் கேட்டார். பிறகு ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, வலது ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து, சிவப்பில் இருந்த வயரைக் கறுப்பிலும் கறுப்பில் இருந்ததைச் சிவப்பிலும் மாற்றிச் செருகினார். பத்து விநாடி வேலை.

அதே பாட்டை மறுபடி போட்டார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டருக்குக் கீழே, வெறும் இடத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையை நீட்டி அந்த இடத்தைக் காட்டி, “இதோ இருக்கிறார்” என்றார்.

அந்தப் பொருத்துநர் நிறம் பார்த்துத்தான் செருகியிருந்தார். நானும் பலமுறை சரிபார்த்திருக்கிறேன், சிவப்பு சிவப்பில்தான் இருந்தது. மாமா தன் வீட்டிலிருந்து மல்டிமீட்டர் எடுத்துவந்து கேபிளைச் சோதித்தார். இரண்டு முனைக்கும் நடுவே இணைப்பு இருந்தால் சத்தம் போடும் கருவி அது. ஒரு முனையின் சிவப்பில் ஒரு கம்பியையும் மறுமுனையின் சிவப்பில் இன்னொரு கம்பியையும் வைத்தார். மீட்டர் சத்தமே போடவில்லை. மறுமுனையில் கம்பியைக் கறுப்புக்கு நகர்த்தியதும் ‘பீப்’ என்றது. கடையில் தயாரிக்கும்போதே ஒரு முனையின் நிற உறையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அந்த வேலைக்குத்தான் 14,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

இது ஏன் இவ்வளவு பெரிய தவறு என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவில் ஸ்பீக்கர் எதுவும் இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே ஒலி ஒரே அளவில் ஒரே நேரத்தில் வரும்போது, நம் மூளை அதை நடுவில் கொண்டுபோய் வைக்கிறது. இங்கிலாந்தில் ஆலன் ப்ளம்லைன் என்ற பொறியாளர் 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ முறையே இந்த மாயத்தின் மேல்தான் நிற்கிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஓர் ஒலி ஒரு காதைத் தொட்டு மறுகாதுக்குப் போய்ச் சேர அதிகபட்சம் ஏறத்தாழ 0.7 மில்லி விநாடிதான் ஆகிறது; அந்த அளவுக்குள் இருக்கும் வித்தியாசங்களை வைத்தே மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் வயர் மாறிப்போனால், ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கும். கீழ்ஸ்தாயி ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தொப்பி போய்விடும். குரலை நடுவில் வைக்க மூளையால் முடியாது. எல்லாப் பக்கமும் ஏதோ பரவியிருப்பது மாதிரி ஒரு பிரமை மட்டும் மிஞ்சும். அந்தப் பிரமையை ‘சூழ்ந்த ஒலி’ என்று சொல்லி விற்கவும் முடியும் என்பதுதான் பயங்கரம்.

கறுப்புப் பெட்டியையும் மாமா சோதித்தார். வயர் சரியான பிறகு அதை மறுபடி இணைத்து அதே மோனோ பாட்டைப் போட்டோம். பொத்தானைத் தட்டியதும் குரல் பாதியாகத் தேய்ந்தது. இடது ஒலியில் கொஞ்சத்தைத் தலைகீழாக்கி வலதிலும், வலதில் கொஞ்சத்தைத் தலைகீழாக்கி இடதிலும் கலக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக உள்ளது, அதாவது பாடுகிறவரின் குரல், அடிபடுகிறது என்றார். நான்கு திருகைக் கழற்றித் திறந்து பார்த்தோம். முக்கால்வாசி காலி. உள்ளங்கையைவிடச் சிறிய ஒரு பலகை, அதில் 4558 என்று எழுதிய எட்டுக்கால் ஐசி, அதாவது சில்லு, ஒன்று. மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அந்த ஐசி பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும்.

இரண்டு ஸ்பீக்கரில் சூழ்ந்த ஒலியைத் தரும் உண்மையான நுட்பம் இல்லாமல் இல்லை. இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் போகிறதே, அதைக் கணக்கிட்டு ரத்து செய்யும் முறையை 1960களிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மன்ஃப்ரெட் ஷ்ரோடரும் நம் நாட்டில் பிறந்த பிஷ்ணு அடலும் உருவாக்கினார்கள். அதற்குத் துல்லியமான தாமதக் கணக்கு வேண்டும், கேட்பவர் உட்காரும் இடம் மாறக் கூடாது. இருக்கையையும் ஸ்பீக்கரையும் அளந்துகூடப் பார்க்காமல் ஒரு பொத்தானைத் தட்டி அதைத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ரிமோட் விஷயமும் அப்போதுதான் புரிந்தது. ஒலியை ஒரு துளி கூட்டினாலே எல்லோருக்கும் ‘நன்றாகிவிட்டது’ என்றுதான் தோன்றுமாம். ஒப்பிட்டுக் காட்டும்போது வால்யூம் உங்கள் கையில் இருக்கட்டும்.

பிறகு நாங்கள் செய்த எதற்கும் பணம் ஆகவில்லை. டிவி மேசையை ஒட்டி நின்ற ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னே கொண்டுவந்தோம். இரண்டுக்கும் நடுவே 7 அடி, ஒவ்வொன்றிலிருந்தும் அப்பாவின் நாற்காலிக்கு 7 அடி. தையல் டேப்பால் அளந்து வைத்தோம். ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் சிறிய பாகமான ட்வீட்டர் அவர் காது உயரத்துக்கு வந்தது. நாற்காலியைப் பின்சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம். மாமா என்னைப் பக்கச் சுவரோடு ஒட்டி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகச் சொன்னார். அப்பா நாற்காலியிலிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கேதான் ஒலி மோதித் திரும்பி வந்து குழப்புகிறது. வலப்பக்கம் அந்த இடத்தில் புத்தக அலமாரியை நகர்த்தினோம். இடப்பக்கம் பால்கனிக் கதவுக்குக் கனத்த திரை. தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தோம். அதற்கு முன் கை தட்டினால் ‘ட்ரிங்’ என்று ஒரு எதிரொலி ஓடும். அது பெருமளவு அடங்கிவிட்டது. இப்போது மிருதங்கம் இடப்பக்க ஸ்பீக்கருக்குக் கொஞ்சம் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஸ்டீரியோ இருந்து, குரல் நடுவில் நிற்கவில்லை என்றால் இன்றைக்கே ஒரு மோனோ பாட்டைப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்க வயரை மட்டும் மாற்றிச் செருகிக் கேளுங்கள். மாற்றும்போது ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்க வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயர் முனையில் வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொடுங்கள். பெரிய ஸ்பீக்கர் கூம்பு வெளியே துள்ளும். இரண்டும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். கேபிளுக்காக ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் நான்கு மீட்டருக்கு, போக வர இரண்டு கம்பியும் சேர்த்து, மின்தடை 0.06 ஓம்கூட இல்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, மஞ்சள் சீட்டை வாங்காதீர்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அந்தச் சீட்டின் அடியில் அச்சடித்திருந்தார்கள். குறையுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே சட்டத்தில் தவறுதான். நான் சீட்டுகளையும், யுபிஐ-யில் பணம் அனுப்பிய பதிவுகளையும், திறந்த பெட்டியின் படங்களையும், மல்டிமீட்டர் சோதனையின் காணொளியையும் சேர்த்து வைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கடைக்கு நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்டில் போயிருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை அவர்கள் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். அதோடு, காதை டாக்டரிடம் காட்டச் சொன்னதற்கு அப்பாவிடம் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.