மோரிஸ் மைனர் சாமான் கொட்டகை: நாலு வருஷம் கழித்து

மாமனாரிடம் 1967ஆம் வருஷ மோரிஸ் மைனர் கார் ஒன்று இருக்கிறது. 1098 சிசி இஞ்சின். 35 வயது தாண்டிய கார்களுக்கான சிங்கப்பூரின் கிளாசிக் திட்டத்தில் இருப்பதால் வருஷத்துக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் அதற்குச் சாமான் சேர்ப்பதுதான் அவர் வேலை. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடும்வரை வாரம் தவறாமல் போவார். அதன்பின் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர். ஒரு முழு கியர்பாக்ஸ், இரண்டு கதவு, மூன்று கார்புரேட்டர், கிராங்க் ஷாப்ட், டப்பா டப்பாவாக நட்டு போல்ட்டு, எல்லாம் சிராங்கூன் கார்டன்ஸில் உள்ள அவர் தரைவீட்டின் பின்கட்டுக் கொட்டகைக்குள். என்னுடையது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. ஒரு பம்பர் வைக்கக்கூட இடமில்லை. அதனால் கொட்டகையைப் புதுப்பித்தபோது மேற்பார்வை வேலை என் தலையில் விழுந்தது. அது 2021இல்.

முதல் தலைவலி கூரை. சாம்பல் நிற அலைத் தகடு. வேலைக்கு வந்தவர், "சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினா இறங்கிடும் சார்" என்றார். நல்லவேளை, எனக்குச் சந்தேகம் வந்தது. மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார், சிங்கப்பூரில் கட்டடங்களில் 1989இல் தடை செய்யப்பட்டது. 1991க்கு முன் எழுந்த கட்டடம் என்றால் கை வைக்கும் முன்பே அதற்கான சோதனை செய்ய வேண்டும். செய்தோம். ஆஸ்பெஸ்டாஸ்தான். உரிமம் பெற்ற குழு வந்து தகடுகளை நனைத்து, உடைக்காமல் முழுசு முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் இரட்டைச் சுற்றாகக் கட்டி எடுத்துப் போனது. 2,800 வெள்ளி. மாமாவுக்கு வயிறு எரிந்தது. எனக்கு இன்றுவரை அந்தக் காசில் வருத்தமில்லை.

புதுக் கூரைக்கும் சுவருக்கும், உள்ளே ராக்வூல் என்ற கல்லிழைப் பஞ்சு அடைத்த 50 மி.மீ. பேனல் போட்டோம். வெறும் தகரம் மலிவு. ஆனால் செம்பவாங்கில் கூட்டாளி ஒருவன் தகரக் கொட்டகை வைத்திருக்கிறான். விடிகாலையில் கூரையின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். ராக்வூல் தீப்பிடிக்காது என்பது இன்னொரு காரணம். எண்ணெய்த் துணியும் பெயின்ட் டின்னும் இருக்கிற இடம். நாலு வருஷத்தில் கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. இதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நாங்கள் ஏமாந்தது காற்றிடம். காற்றோட்டம் இருந்தால் துரு பிடிக்காது என்று எல்லாரும் சொன்னதை நம்பி, நாலு பக்கமும் லூவர் (காற்று வரும் சாய்தகட்டுத் திறப்பு) வைத்தோம். இந்த ஊர்க் காற்றின் ஈரப்பதம் விடிவதற்கு முன் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத மத்தியானத்தில்தான் 60 பக்கம் இறங்கும். இரும்புக்கு அந்த 60ஐத் தாண்டினாலே ஆபத்து. ஆறு மாதம் கழித்து கிராங்க் ஷாப்ட்டைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தபோது, மெருகேறிய பகுதியில் ஒரு கட்டைவிரல் ரேகை பழுப்பு நிறத்தில் அச்சு அசலாகப் பதிந்திருந்தது. வளைவு வளைவாக எண்ணலாம். வியர்வை உப்பு செய்த வேலை. மாமா தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "என்னோடதுதான்" என்றார். நல்லவேளை, தேய்த்ததில் போய்விட்டது. இப்போது கையுறை இல்லாமல் எதையும் தொட விடுவதில்லை.

லூவரை அடைத்துவிட்டு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கினோம். ஈரப்பதம் 55இல் நிற்கிறது. மழைக்காலத்தில் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் வடியும். மின்கட்டணம் மாதத்துக்கு ஏறக்குறைய 20 வெள்ளி கூடியது. தண்ணீர்த் தொட்டியை மறக்காமல் கொட்ட வேண்டும். கொசு முட்டையிட்டுவிட்டால் அபராதம் வேறு. குழாய் வைத்து நேரே சாக்கடைக்கு விட்டபின் அந்தக் கவலை போனது.

உலர வைத்ததிலும் ஒரு வில்லங்கம். எண்ணெய் கசியாமல் பாகங்களுக்கு நடுவே வைக்கும் கார்க் கேஸ்கெட்டுகள் காய்ந்து சுருங்கி, துளைகள் போல்ட்டுகளோடு பொருந்தாமல் போய்விட்டன. மாமா வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு பாதியைத் தேற்றினார். இப்போது அவற்றைத் தனியாக மூடிய பையில் வைக்கிறோம். அதையே இரும்புக்குச் செய்யாதீர்கள். பிளாஸ்டிக்கில் கட்டிய பிரேக் சிலிண்டர் உள்ளேயே வேர்த்துத் துருவேறியது. துருத் தடுப்புத் தாளில் சுற்றியவை அப்படியே இருக்கின்றன. கார்புரேட்டர் வாய்களைத் துணி வைத்து அடைத்துவிடுங்கள். ஒன்றுக்குள் பல்லி இரண்டு முட்டை இட்டிருந்தது.

பழைய மர அலமாரியைக் கரையான் அரித்திருந்ததால் இரும்பு ரேக் போட்டோம். சரியான முடிவு.

எனக்கு மனசு ஆறாதது தரைதான். பழைய சிமெண்ட் தரையின் மேலேயே எபாக்ஸி பெயின்ட் அடிக்கச் சொன்னேன், காசு மிச்சம் என்று. எட்டு மாதத்தில் அப்பளம் மாதிரி உப்பி உரிந்தது. அதன்பிறகுதான் ஒரு பிளாஸ்டிக் தாளின் நாலு ஓரத்தையும் டேப் ஒட்டித் தரையில் ஒருநாள் விட்டுப் பார்த்தேன். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். மண்ணின் ஈரம் தரை வழியாக ஏறி வருகிறது, மேலே இயந்திரம் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, நான் கட்டணம் கட்டுகிறேன். அந்தத் தாளை முதல் நாளே ஒட்டிப் பார்த்திருக்கலாம்.

அடுத்த மாதம் ரேக்கையெல்லாம் வெளியே எடுத்து, தரையைச் சுரண்டி, ஈரத்தடுப்புப் பூச்சு போடப் போகிறோம். அதுவரை கியர்பாக்ஸும் கதவுகளும் வீட்டு ஹாலில் இருக்கட்டும் என்கிறார் மாமா. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.