அந்த ‘லைசென்ஸ்’ எதற்கானது என்று கேட்காமல் வீடு கட்டக் கொடுத்தேன்

தருமபுரியில் பென்னாகரம் சாலையை ஒட்டியுள்ள எங்கள் மனையில் 1,100 சதுர அடியில் ஒரு வீடு கட்டுவதற்காக, 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஓர் ஒப்பந்ததாரரிடம் வேலையை ஒப்படைத்தோம். கூரைக் கான்கிரீட் போட்ட சில வாரங்களில் அவர் வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போனார். அதற்குள் பேசிய தொகையில் 85 சதவீதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாந்த விதத்தை மட்டும், இந்த மாவட்டத்தில் அடுத்து வீடு கட்டப் போகிறவர்களுக்காக, மறைக்காமல் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். காகிதத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அவருடைய அலுவலகத்துக்குப் போனபோது, “நான் லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர், மேடம்” என்று சொல்லி மூன்று காகிதங்களைக் காட்டினார். ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த பொதுப்பணித் துறை ஒப்பந்ததாரர் பதிவுச் சான்று. இரண்டாவது, ஜி.எஸ்.டி. பதிவு. மூன்றாவது, உரிமம் பெற்ற பொறியாளரின் முத்திரை இருந்த வரைபடங்கள். எனக்குத் தெரிந்தவரை இவற்றில் எதுவும் போலி இல்லை, அதனால்தான் ஏமாந்தேன். துறைப் பதிவு என்பது அரசு வேலைகளுக்கான டெண்டரில் கலந்துகொள்வதற்கான தகுதி, ஜி.எஸ்.டி. எண் வரி கட்டுவதற்கானது. அந்த முத்திரையோ, அனுமதிக்காக வரைபடம் போட்டுக் கொடுக்கும் வேறொரு பொறியாளருடையது. பிற்பாடு அந்தப் பொறியாளரைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் கேட்டபோது, “நான் பிளான் மட்டும்தாங்க போட்டுக் கொடுத்தேன், சைட்டுக்கே வந்ததில்லை” என்றார். அவர் சொன்னதில் தவறும் இல்லை. தனியார் ஒருவருடைய வீட்டை ஒழுங்காகக் கட்டித் தருவார் என்று தேர்வு வைத்து, பிணைத்தொகை வாங்கிக்கொண்டு ஒப்பந்ததாரருக்கு வழங்கப்படும் உரிமம் எதுவும் நம் மாநிலத்தில் இல்லை என்பதை, பணம் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என் தம்பி மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அங்கே ஒப்பந்ததாரருக்கென்றே மாநில உரிம வாரியம் உண்டு, உரிமம் வைத்திருப்பவர் 25,000 டாலருக்குப் பிணைப்பத்திரம் கொடுத்திருக்க வேண்டும், வீட்டு மராமத்து ஒப்பந்தத்தில் 1,000 டாலர் அல்லது மொத்தத் தொகையில் 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்று அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான் கொடுத்த முன்பணம் 20 சதவீதம்.

பேசிய விலை சதுர அடிக்கு 2,250 ரூபாய், பொருளும் கூலியும் சேர்த்து, மொத்தம் 24,75,000 ரூபாய். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினோம். முன்பணம் 20 சதவீதம், பேஸ்மட்டத்துக்கு 20, லிண்டல் மட்டத்துக்கு (கதவு, ஜன்னல்களின் மேல்மட்டம்) 20, கூரைக்கு 25, பூச்சு வேலைக்கு 10, சாவி கொடுக்கும்போது 5 என்று தவணைகள் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு தவணைக்கு எதிரிலும் ‘வேலை தொடங்கும் முன்’ என்று தட்டச்சு செய்திருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு முற்றையும் எச்சத்தையும் திருத்திய நான், அந்த ஒரு சொல்லைத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டேன். ‘முடிந்த பின்’ என்று இருந்திருந்தால், முடிந்த வேலையைப் பார்த்துவிட்டாவது ஒவ்வொரு தவணையையும் கொடுத்திருப்பேன். அதைவிடப் பெரிய கோளாறு தவணைகளின் அளவிலேயே இருந்தது. வேலை நின்ற பிறகு வந்து பார்த்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், இப்படிப்பட்ட வீட்டில் கூரை போட்டு முடிக்கும்வரை சுமார் பாதிச் செலவுதான் ஆகியிருக்கும், பூச்சு, தரை, கதவு, ஜன்னல், மின்வேலை, குழாய்வேலை எல்லாம் மீதிப் பாதியை விழுங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதாவது, கூரை முடிந்த அன்றே ஒப்பந்ததாரருக்கு இந்த வீட்டில் இனிமேல் இலாபம் எதுவும் மிச்சமில்லை.

மார்ச் மாதக் கடைசியில், பங்குனி வெயிலில், கூரை போட்டார்கள். எங்கள் பக்கத்தில் கோடை வந்தால் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிப்போவதும் டேங்கர் தண்ணீருக்குக் காத்திருப்பதும் புதிதல்ல. கான்கிரீட்டைச் சாதாரண சிமெண்டில் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டில் 10 நாளும் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிறது. எங்கள் கூரை மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியது மூன்றே நாள். டேங்கர் செலவு ஒப்பந்தப்படி ஒப்பந்ததாரருடையது என்பதால் நான்காம் நாளிலிருந்து ஒரு பையன் காலையில் ஒரு குடம் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போனான். கான்கிரீட்டைத் தாங்க அடியில் கொடுத்திருந்த சென்ட்ரிங் தகடுகள் வேறொரு வேலைக்குத் தேவைப்பட்டன போலும். எட்டாம் நாள் முட்டுகளைப் பிரித்துவிட்டார்கள். தளத்தின் அகலம் 4.5 மீட்டருக்குள் இருந்தால் முட்டுகள் குறைந்தது 7 நாளும், அதைத் தாண்டினால் 14 நாளும் நிற்க வேண்டும். எங்கள் ஹாலின் குறுகிய பக்கமே 16 அடி, அதாவது 4.88 மீட்டர். ஐப்பசி மழையில் ஹாலின் நடுவில் கீழ்ப்பரப்பு முழுவதும் வியர்த்தது போல நீர்த்துளிகள் நின்றன.

கம்பி விஷயம் தற்செயலாகத் தெரிய வந்தது. அந்த ஓய்வுபெற்ற பொறியாளர், எங்கள் மனையில் கிடந்த 12 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றைச் சரியாக ஒரு மீட்டருக்கு வெட்டச் சொல்லி, தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தார். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும், 12 மி.மீ. கம்பிக்கு அது ஏறக்குறைய 888 கிராம். சற்று முன்னே பின்னே இருக்கலாம். தராசு காட்டியது 790 கிராம். பெயர் பெற்ற நிறுவனத்தின் கம்பி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததை நம்பி, கம்பி இறங்கிய நாளில் எடைச்சீட்டைக் கேட்காமல் விட்டது என் குற்றம். 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.66 கிலோ இருக்க வேண்டும் என்ற ஒரே ஓர் எண்ணை அன்றைக்கு நான் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

கூரைக்குப் பிறகு, “நாளைக்கு ஆளுங்க வந்துடுவாங்க மேடம்” என்ற பதிலிலேயே இரண்டு மாதம் போனது. பிறகு விலைவாசி ஏறிவிட்டது, சதுர அடிக்கு 300 ரூபாய் கூட்டிக் கொடுத்தால்தான் முடியும் என்றார். மறுத்தேன், தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார். அதற்கடுத்த வாரம் செங்கல் சூளைக்காரர் வாசலில் வந்து நின்றார். “டீச்சரம்மா, உங்க வூட்டுக்குத்தான் கல்லு எறக்கினேன், எனக்கு யாரு தருவாங்க?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. எம்-சாண்ட் லாரிக்காரருக்கும், நான்கு வாரக் கூலி நிலுவை இருந்த கொத்தனாருக்கும் இதே கதைதான். ஆகவே தவணை கொடுப்பதற்கு முன், பொருள் கொடுத்தவர்களுக்கும் ஆட்களுக்கும் முந்தைய தவணைவரை பணம் போய்ச் சேர்ந்ததா என்று அவர்களிடமே நேரில் கேட்டுவிடுங்கள். ஒப்பந்ததாரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘சேவை’ என்பதன் விளக்கத்திலேயே வீடு கட்டித் தருவதைச் சேர்த்திருக்கிறது. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாமே என்று பலர் சொன்னார்கள். ஆனால் அது மனையையோ அடுக்கக வீட்டையோ விற்பவர்களுக்கானது, சொந்த மனையில் ஒருவரை வைத்துக் கட்டும் தனி வீட்டுக்கு உதவாது. அலைச்சலை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

புகார் எழுதும்போதுதான் என் அடுத்த மடத்தனம் தெரிந்தது. “பில் போட்டா 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உங்க தலையிலதான் விழும்” என்று ஒப்பந்ததாரர் சொன்னதைக் கேட்டு, 6 லட்சம் ரூபாயை ரொக்கமாக, ரசீது இல்லாமல் கொடுத்திருந்தேன். வங்கி வழியாகப் போன தொகைக்குக் கணக்கு இருக்கிறது. அந்த 6 லட்சத்துக்கு என் நாட்குறிப்பில் உள்ள இரண்டு வரிகளைத் தவிர வேறு சாட்சி இல்லை. கம்பி கட்டிய நிலையிலும் கான்கிரீட் போடும்போதும் தேதியோடு எடுத்த புகைப்படங்கள் மட்டும் இருப்பது வழக்குக்குப் பெரிய பலம் என்கிறார் வழக்கறிஞர். அவற்றைக்கூட நான் எடுக்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் தம்பி மகனுக்கு அனுப்புவதற்காக என் கணவர் எடுத்தவை.

இப்போது அதே கொத்தனாரை வைத்து மீதி வேலையைச் செய்கிறோம். பொருளை நாங்களே வாங்குகிறோம். கூலிக்கு மட்டும்தான் பேச்சு. அவருடைய பழைய நிலுவையில் பாதியைக் கொடுத்துவிட்டேன், சட்டப்படி அது என் கடன் இல்லையென்றாலும். அந்த ஓய்வுபெற்ற பொறியாளர் வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறார், அதைப் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை மாலை கூலியைக் கொடுக்கிறேன். உள்பூச்சு முடிந்துவிட்டது. மொட்டைமாடியில் தட்டோடு பதிப்பதற்கு முன் ஹால் கூரையை என்ன செய்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.